எப்பவும் ஒரு மூட்டை அதிகம்

அம்சவல்லிக்கு மனசு பரபரத்தால் கை கொண்டைக்குப் போகும். அவிழ்ப்பாள், முடிவாள், திரும்ப அவிழ்ப்பாள். திருவண்ணாமலையில் பி.சி.ஏ. படித்த மூன்று வருஷமும் பக்கத்துக் கட்டில்காரி தமிழரசி இதை வைத்தே அவளை ஓட்டுவாள்: "உன் ப்ரோகிராம் ஓடிச்சா இல்லியான்னு ஸ்கிரீனப் பாக்க வேணாம்டி. உன் தலையப் பாத்தா போதும்."

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்குள் கொண்டையை ஆறு முறை அவிழ்த்து முடித்தாயிற்று. லோடு ஏறிக்கொண்டிருந்தது. எட்டாவது லோடு. இது சரியாகப் போய்ச் சேர்ந்தால் அவள் புருஷன் சின்னராஜ் தலை நிமிர்ந்து நடப்பான். சேராவிட்டால் அவன் வண்டிக்கு மலையில் வேலை இல்லை.

ஜவ்வாது மலையில் புங்கமரத்தூர் என்ற அந்தச் சிற்றூரில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அம்சவல்லி. படிப்பு முடிந்து ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தாள். ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எழுதி அனுப்பும் விவரங்களை ஸ்கிரிப்ட் என்கிற கட்டளைக் கோப்பு எழுதிச் சீர்செய்து டேட்டாபேஸுக்குள் தள்ளுகிற வேலை. மற்றவர்களுக்கு அது தூக்கம் வருகிற வேலை, இவளுக்கோ கூத்துப் பார்க்கிற மாதிரி. கல்யாணமாகி மலைக்குத் திரும்பிய இரண்டாம் மாதமே கடுக்காய் சேகரிப்போர் சங்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் அவள் பொறுப்பு. மோட்டார் ஓடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

மலைக்காரர்கள் காட்டில் பொறுக்கிப் பாறையில் காயவைக்கிற கடுக்காய் வாணியம்பாடிக்குப் போகிறது, தோல் பதனிட. அங்கே வாங்குகிற கம்பெனி போன வருஷம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. வெளிநாட்டில் கைப்பை வாங்குகிறவர்கள், தோல் எங்கிருந்து வந்தது என்பதோடு நிற்காமல், அதைப் பதனிட்ட காய் எந்தக் காட்டில் விழுந்தது என்றும் கேட்கிறார்களாம். ஆகவே ஒவ்வொரு மூட்டைக்கும் மூட்டை எண், ஊர், பொறுக்கியவர் பெயர், காயவைத்த தேதி எல்லாம் வண்டி போய்ச் சேருவதற்கு முன்னால் கம்பெனியின் டேட்டாபேஸில் ஏறியிருக்க வேண்டும். மலையிலிருந்தே ஏற்றுவது அம்சவல்லியின் வேலை.

ஏற்றினாள். ஏழு லோடு ஏற்றினாள். ஏழு தடவையும் கம்பெனி கேட்டில் எண்ணிப் பார்த்தால் பதிவில் இருப்பதைவிட வண்டியில் ஒரு மூட்டை அதிகம்.

குறைந்தால் திருட்டு என்பார்கள். கூடினால் என்னவென்று சொல்வது? அதற்கும் ஒரு கதை தயாரானது. சின்னராஜின் தங்கை அருணாவைக் கட்டிக்கொடுத்தது சந்தவாசலில், கடுக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்தில். மச்சான் கடையில் இருந்து சின்னராஜ் ஊர் பேர் தெரியாத காயை ஒரு மூட்டை வழியில் ஏற்றி, மலைக் காயோடு கலந்து விடுகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது: அடுத்த லோடிலும் பதிவில்லாத மூட்டை வந்தால் வண்டியையும் டிரைவரையும் மாற்ற வேண்டும்.

"சந்தவாசல் எந்தப் பக்கம் கீது, வாணியம்பாடி எந்தப் பக்கம் கீது?" என்றான் சின்னராஜ் அன்று சோற்றில் கை வைத்துக்கொண்டு. "ஒரு மூட்டைக்காக மலையையே ஒரு சுத்து சுத்துவானா ஒருத்தன்? திருடன்னு சொல்லு, பரவால்ல. முட்டாள்னு சொல்றாங்க பாரு, அதான் தாங்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சோறு பாதி தட்டில் நின்றது. அருணா மகள் நிவேதாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவனோ போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். "நான் சந்தவாசல் போனா, மூட்டைக்குப் போனேன்னு சொல்லுவாங்க. பேரு சரியாவட்டும், அப்புறம் குத்தலாம்." அருணா போனில் அழுதாள். அவன் போனை அம்சவல்லி கையில் கொடுத்துவிட்டு வண்டி கழுவப் போய்விட்டான்.

அம்சவல்லி மலையின் சிக்னலைத்தான் சந்தேகப்பட்டாள். வாணியம்பாடி டேட்டாபேஸுக்குள் ஒரு ப்ரொசீஜர் இருந்தது. முன்கூட்டியே எழுதி உள்ளேயே வைத்திருக்கிற வேலைக் குறிப்பு அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு மூட்டையின் விவரத்தைக் கையில் கொடுத்தால், சரிபார்த்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு மூட்டைதான். அறுபது மூட்டை என்றால் அறுபது தடவை கூப்பிட வேண்டும். நடுவில் இருபதாவது மூட்டையில் சிக்னல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஓட்டினால், ஏற்கெனவே ஏறிய மூட்டையெல்லாம் "இது வந்தாச்சு" என்று முறைக்கும், ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அதனால் அம்சவல்லி முதல் மாதமே ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: எந்தத் தப்பு வந்தாலும் கண்டுகொள்ளாதே, அடுத்த மூட்டைக்குப் போ. மூன்று முறை ஓட்டினால் எல்லாம் ஏறிவிடும். ஏறிவிடும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அந்த மூணு ஓட்டத்துலயும் ஒரு மூட்டை எங்கியோ வுழுந்துடுது மாமா," என்று புருஷனுக்கு விளக்கினாள்.

சின்னராஜ் ஸ்பேனரைத் துடைத்தபடி யோசித்தான். "நெட்டு கட்டாவுறதுன்னா ஒரு நாளு ஒண்ணு வுழும், ஒரு நாளு பத்து வுழும். ஏழு தடவையும் கரெக்டா ஒண்ணு தானா? அது இன்னா நெட்டு, அவ்ளோ ஒழுக்கமானது?"

அம்சவல்லிக்குச் சுருக்கென்றது.

வாணியம்பாடியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற இல்யாஸிடம் இதைச் சொன்னாள். இருபத்தாறு வயதுப் பையன். நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் போன் பழக்கம்தான். அவள் அவனை 'பாய்' என்பாள், அவன் 'அக்கா' என்பான். அவன்தான் வழி சொன்னான்.

"மூட்டை மூட்டையா தலையில சுமந்துக்கினு வராதீங்கக்கா. லோடாவே அனுப்புங்க. புது ப்ரொசீஜர் எழுதித் தர்றேன். ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க, முழு டேபிளையும் அப்படியே கையில குடுங்க. எல்லாம் உள்ள வந்தா வரும், இல்ல ஒண்ணுகூட வராது. நடுவுல நிக்கிற பேச்சே இல்ல."

இதைக் கேட்டதும் அம்சவல்லியின் கொண்டை அவிழ்ந்தது. ஒரு எண்ணையோ ஒரு பெயரையோ கொடுப்பது போல, குறுக்கே வரிகளும் நெடுக்கே பத்திகளுமாக ஒரு முழு டேபிளையே, அட்டவணையையே, கொடுக்க முடியுமா? ஓசூரில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியும் இது தெரியாமல் போயிற்றே! திங்களும் செவ்வாயும் அவள் வேறு எதுவும் பேசவில்லை. டேட்டாபேஸ் பக்கம் இல்யாஸ் ஒரு அச்சு செய்து வைத்தான்: நான்கு பத்தி, ஒவ்வொன்றிலும் என்ன மாதிரி விவரம் வரலாம் என்று கட்டளையோடு. ஸ்கிரிப்ட் பக்கம் இவள் அதே மாதிரி காலி டேபிள் ஒன்றைக் கட்டி, மூட்டைகளை அதில் அடுக்கி, 'இது டேபிள், இந்த அச்சில் வார்த்தது' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்டில் இருந்த 'கண்டுகொள்ளாதே' வரியை எடுத்தே விட்டாள். இனி எந்தத் தப்பும் மறைய முடியாது.

புதன்கிழமை லோடு எண்ணியது கோபால்சாமி. அவளுக்குச் சித்தப்பா முறை. அவர் எண்ணாமல் சங்கத்து முற்றத்திலிருந்து ஒரு மூட்டை நகராது. மூட்டைக்கு எண் போடுகிற தேவயானி நீலப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக நிற்பாள். முதல் மூட்டை தூக்கப்பட்டதும் கோபால்சாமி மஞ்சளைக் குழைத்து அதன் மேல் கையளவு பூசி, "லாபம்" என்று கூவினார். அப்புறம் "ரெண்டு." "மூணு." "நாலு." தேவயானி மூட்டையில் எண் எழுத, அம்சவல்லி லேப்டாப்பில் கூடவே அடித்துக்கொண்டு வந்தாள். "அறுவத்து நாலு" என்று அவர் முடித்தபோது மணி பதினொன்று.

சின்னராஜ் தார்ப்பாயை இறுக்கி, ஒவ்வொரு முடிச்சையும் செல்போனில் படம் பிடித்தான்.

"இன்னாடா, மாப்பிள்ளைய போட்டோ எடுக்கற மாதிரி எடுக்கற?" என்றார் கோபால்சாமி.

"சாட்சி மாமா. வழியில எவனும் அவுக்கலன்னு முடிச்சே சொல்லணும்." வண்டியில் ஏறினான். ஏறியவன் இறங்கிவந்து அம்சவல்லியிடம் குனிந்தான். "நான் கேட்டுக்குப் போறதுக்குள்ள ஏத்திடுவியா?"

"ஏத்திடுவேன். நீ மெதுவா போ."

வண்டி வளைவில் மறைந்ததும் அம்சவல்லி ஸ்கிரிப்டை ஓட்டினாள். ஒரு விநாடிகூட ஆகவில்லை. சிவப்பு எழுத்து. டேபிள் வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

இல்யாஸைக் கூப்பிட்டாள். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீங்க ஊர முதல்ல வெச்சிருக்கீங்க, நான் மூட்டை எண்ண முதல்ல வெச்சிருக்கேன். இது பத்தியோட பேரப் பாக்காதுக்கா, வரிசையத்தான் பாக்கும். பந்தியில உக்காந்த மாதிரி. முதல் எலையில எவன் உக்காந்தாலும் அவன்தான் மாப்பிள்ளை."

வரிசையை மாற்றினாள், எந்தப் பத்தியில் எண், எந்தப் பத்தியில் எழுத்து என்பதையும் இல்யாஸின் அச்சில் இருப்பது போலவே குறித்தாள். ஓட்டினாள்.

மறுபடி சிவப்பு. இந்த முறை டேபிள் இல்யாஸ் வரை போகவே இல்லை, இவள் லேப்டாப்பிலேயே நின்றுவிட்டது. முதல் வரியை டேபிளில் வைக்கும்போதே தகராறு. மூட்டை எண் பத்தியில் இதை வைக்க முடியாது, இங்கே முழு எண்தான் வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எதை வைக்க முடியாது என்று காட்டவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள், ஐந்து கட்டங்கள். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது.

போன் அடித்தது. சின்னராஜ். "ஆலங்காயம் வந்துட்டேன். ஏறிச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"சரி, டீ குடிக்கிறேன்."

அம்சவல்லி கோப்பைத் திறந்து முதல் பத்தியை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கீழிருந்து மேலே பார்த்தாள். அதுவும் சரி. வாய்விட்டுப் படித்தாள். எங்கேயும் தடுக்கவில்லை. இல்யாஸ் இணைப்பிலேயே இருந்தான். இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது.

"ரெண்டாவது டீ," என்றான் சின்னராஜ். "கடைக்காரன் ஒரு மாதிரியா பாக்கறான்."

"வடை சாப்புடு மாமா."

"சாப்ட்டேன். ரெண்டு."

இல்யாஸிடம் திரும்பினாள். "பாய், என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க. முதல் பத்தி மட்டும். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

"இருங்கக்கா. திருப்பிப் படிங்க."

"லாபம், ரெண்டு, மூணு..."

"ஒண்ணு எங்க?"

"அதான் படிச்சனே. லாபம்."

அம்சவல்லியின் கை கொண்டைக்குப் போன பாதி வழியில் நின்றது.

பிறந்ததிலிருந்து அவள் காதில் ஒன்று என்று எதுவும் எண்ணப்பட்டதில்லை. சாமை படியால் அளந்தாலும், புளி கூடையால் அளந்தாலும், முதல் அளவு லாபம்தான். ஒன்று என்று ஆரம்பித்தால் ஒன்றோடு நின்றுவிடும் என்பார்கள். கோபால்சாமி கூவியதை அவள் கை அப்படியே அடித்தது: லாபம், பிறகு 2, 3, 4. கண் அதை ஒன்று என்றே படித்தது. ஏழு லோடாக டேட்டாபேஸ் அந்த முதல் மூட்டையை "இது எண் இல்லையே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. ஏழு தடவையும் அவள் எழுதிய வரியே "கண்டுகொள்ளாதே, போ" என்று அதன் வாயை அடைத்திருக்கிறது.

"அப்போ மாமா இல்ல," என்றாள். "நெட்டும் இல்ல. நான்தான். நானேதான் பாய்."

இல்யாஸ் சிரிக்க ஆரம்பித்தான். கேலியான சிரிப்பில்லை, வெடித்து வந்த சிரிப்பு. "அக்கா, எங்க நன்னா, அதான் தாத்தா, மண்டி வெச்சிருந்தாரு. மூட்டை எண்ணும்போது உருதுல 'பர்கத், தோ, தீன்'னுதான் ஆரம்பிப்பாரு. பர்கத்னா விருத்தி, உங்க லாபம் மாதிரிதான். சின்ன வயசுல நான் பர்கத்துன்னா ஒண்ணுன்னே நெனச்சிக்கினு இருந்தேன். நானே அத மறந்து, அந்தப் பத்தியில எண்ணு மட்டும்தான் வரணும்னு எழுதி வெச்சிருக்கேன் பாருங்க."

"இப்ப இன்னா பண்றது? சித்தப்பாவ ஒண்ணுன்னு எண்ணச் சொல்லவா?"

முற்றத்தில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த கோபால்சாமிக்கு அது கேட்டுவிட்டது. "யாரு, நானா? கம்ப்யூட்டர எண்ணக் கத்துக்கச் சொல்லு."

கத்துக்கொடுத்தாள். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி: மூட்டை எண் லாபம் என்று இருந்தால், டேபிளில் 1 என்று வை. நான்கு நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது டீக்கான போனை எடுக்கக்கூட இல்லை. ஓட்டினாள்.

சிவப்பு வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. கீழே ஒரே ஒரு வரி வந்து நின்றது: 64.

ஒரே அழைப்பு. ஒரே டேபிள். அறுபத்து நாலு மூட்டையும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு மலையிறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டன. அம்சவல்லி எழுந்துவிட்டாள், உட்கார முடியவில்லை. முற்றத்துக்கு ஓடினாள், என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி ஓடிவந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது, அதை முடியவும் தோன்றவில்லை.

"ஏறிச்சு மாமா," என்றாள் போனில். "கெளம்பு."

"நெஜமாவா?"

"அறுவத்து நாலு. நீ போ, மிச்சத்த நான் அப்புறம் சொல்றேன். என்னிய திட்டறதுக்கு ஒண்ணு கீது."

இரண்டு மணிக்கு மேல் வாணியம்பாடி கேட்டில் வண்டி நின்றது. குடோன் பொறுப்பு கௌசர் மேடத்துக்கு. அவரே வந்து நின்று எண்ணினார். இதெல்லாம் அம்சவல்லிக்குப் போனில் வந்த செய்தி. இல்யாஸ் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தான். "அறுபத்தி ரெண்டு... அறுபத்தி மூணு... அறுபத்தி நாலு." அப்புறம் தார்ப்பாயை உதறுகிற சத்தம். "காலிக்கா. வண்டி காலி. பதிவு அறுபத்தி நாலு, மூட்டை அறுபத்தி நாலு."

அம்சவல்லி கண்ணை மூடித் திறந்தாள். ஆனால் அது போதாது என்று அவளுக்குத் தெரியும். இந்த லோடு சரியாக வந்தால், போன ஏழு லோடில் தப்பு செய்தவன் இந்தத் தடவை பயந்துவிட்டான் என்பார்கள்.

"பாய், ஒரு ஒதவி. முன்ன வந்த அந்த ஏழு மூட்டை இன்னும் இருக்குதா?"

"சந்தேக மால்னு, அதான் சந்தேகச் சரக்குன்னு, மூலையில தள்ளி வெச்சிருக்காங்க."

"கௌசர் மேடத்தையும் கூட்டிக்கினு போங்க. மாமாவையும் கூட்டிக்கினு போங்க. மூட்டைமேல இன்னா இருக்குதுன்னு பாருங்க."

பத்து வருஷமாக லோடு கொண்டுபோகிறான் சின்னராஜ். டிரைவர் கேட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது என்பது அங்கே விதி. அன்றைக்கு முதல் தடவையாக உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அம்சவல்லியின் போனுக்குப் படம் வந்தது. குடோன் மூலையில், தூசு படிந்து, ஏழு மூட்டை. ஒன்றிலும் நீல எண் இல்லை. ஏழின் மேலும் கையளவு மஞ்சள், கோபால்சாமியின் ஐந்து விரலும் பதிந்து.

கௌசர் மேடமே போனில் வந்தார். "ஏம்மா, முதல் மூட்டைக்கு நீங்க நம்பர் போடறதே இல்லியா?"

"போடறதில்லீங்க மேடம். மஞ்சதான் பூசுவோம்."

"இத ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அத ஒரு விஷயம்னு எங்களுக்குத் தோணலீங்க. நீங்களும் மூட்டை கூட வந்துச்சுன்னு எழுதினீங்களே தவிர, எந்த மூட்டைன்னு எழுதலீங்களே."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அதுவும் சரிதான். அந்த லெட்டர நான் வாபஸ் வாங்கிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் இங்க டீ வேணாம்கறாரு. ஏன், கோபமா?"

"இல்லீங்க மேடம். ஏற்கெனவே மூணு குடிச்சிட்டாரு."

சாயங்காலம் வண்டி மலையேறி வந்தபோது அம்சவல்லி இன்னும் லேப்டாப் முன்னால்தான் இருந்தாள். சின்னராஜ் வந்து பின்னால் நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"திட்டறதுன்னா திட்டிடு மாமா. என் தப்புதான். ஏழு லோடா உன்னிய அலைய வுட்டது நான்தான்."

"வழியெல்லாம் யோசிச்சிக்கினு வந்தேன், இன்னா திட்டலாம்னு," என்றான் அவன். "ஒண்ணும் அமையல. உள்ள வுட்டாங்க தெரியுமா? குடோன் எவ்ளோ பெருசுன்ற!" திரையை எட்டிப் பார்த்தான். "இது இன்னா?"

அது ஒரு குட்டி டேபிள். ஏழே ஏழு வரி. ஏழு லோடின் தேதி, ஏழு ஊர், முதல் மூட்டையைப் பொறுக்கிய ஏழு பேருடைய பெயர். மூட்டை எண் பத்தியில் ஏழு தடவை லாபம்.

"சந்தேக மால்," என்றாள் அம்சவல்லி. "அதுங்களுக்கும் ஊரு பேரு உண்டுன்னு சொல்லணுமில்ல. இல்யாஸ் பாய் காத்துக்கினு இருக்காரு."

விசையைத் தட்டினாள். ஒரு விநாடி. திரையில் 7 என்று வந்தது.

"அவ்ளோதானா?" என்றான் சின்னராஜ்.

"அவ்ளோதான்."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். இரண்டு முறை மணி அடித்தது.

"அருணா, நான்தான். ஞாயித்துக்கிழமை எத்தினி மணிக்கு காது குத்தறீங்க?" அந்தப் பக்கம் அழுகையும் திட்டும் ஒன்றாக வந்ததை அம்சவல்லியாலும் கேட்க முடிந்தது. அவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். "வர்றேன்டி, வர்றேன். வண்டியிலயே வர்றேன். திரும்பும்போது உன் வூட்டுக்காரர ஒரு மூட்டை கடுக்கா குடுக்கச் சொல்லு. இத்தினி பேரு சொன்னத ஒரு தடவையாவது செஞ்சிட்டு வரணுமில்ல."